பிறிட்ஸின் வயிறும் உன் வயிறும்

தம்பி,

சாப்பிட்டுக்கொண்டு இதை வாசிக்காதே. கோப்பையைத் தள்ளி வை. இதில் பீ வருகிறது, கக்கின சத்தி வருகிறது, புழு வருகிறது, நான் சொன்ன பொய்யும் வருகிறது. போனில் சொல்லத்தான் பார்த்தேன். "உன்ரை பல்லி" என்று தொடங்கினாலே நீ "அம்மா, அது பல்லியில்லை, கெக்கோ" என்று திருத்துவாய். பிறகு "இப்ப மீட்டிங், பிறகு எடுக்கிறன்" என்பாய். அந்தப் பிறகு எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. கல்யாணம் செய்யப்போகிற பிள்ளைக்குத் தாய் எழுதுகிற கடிதத்தில் பொறுமை, விட்டுக்கொடுப்பு என்று வாசமான சொற்கள் இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது இரண்டு வயிறுகளின் கதை. ஒன்று உன் பல்லியின் வயிறு, மற்றது உன் வயிறு. உன் குடலில் இருக்கிற வருத்தத்தை, அந்த நோயை, நீ கட்டப்போகிற மதுராவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லாதே என்று உன் வாயைப் பொத்தியவள் நான். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஆனால் பல்லியிலிருந்து தொடங்கினால்தான் எனக்கு எழுத வரும்.

நீ ஹனோவருக்கு வேலைக்குப் போனபோது அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் வரவேற்பறையில் வைத்தாய். உனக்கு அறை தந்தவர் பிராணிகள் கூடாது என்று சொல்லிவிட்டார் என்றாய், கல்யாணத்துக்குப் பிறகு தனி வீடு எடுத்ததும் கொண்டுபோய்விடுவேன் என்றாய். பெயர் பிறிட்ஸ். மஞ்சள் தோல், கறுப்புப் புள்ளிகள், கொழுத்த வால். வீட்டுச் சுவரில் ஓடுகிற பல்லிக்காவது ஒரு கூச்சம் உண்டு, ஆளைக் கண்டால் படத்துக்குப் பின்னால் போய்விடும். இது இமையை மூடித் திறந்து என்னை ஏற இறங்கப் பார்க்கும், நான்தான் அதன் வீட்டில் வாடகைக்கு இருப்பவள் என்பதுபோல. கறிச்சட்டிக்குள் பல்லி விழுந்தால் சட்டியோடு கொண்டுபோய்க் கொட்டுகிற ஆட்கள் நாங்கள். அப்படிப்பட்டவளின் தலையில் ஒரு பல்லிக்குச் சோறு போடுகிற வேலையைக் கட்டிவிட்டுப் போனாய். சோறு என்றாலும் பரவாயில்லை. புழு.

அந்தப் புழுக்களைப் பற்றி நான் உன்னிடம் முழுவதும் சொன்னதில்லை. வெளியில் வைத்தால் வண்டாக மாறிவிடும், குளிரில் வை என்றாய். என்னுடைய பிறிட்ஜில், தோசை மாவுக்குப் பக்கத்தில், உயிரோடு நெளிகிற புழுப் பெட்டி. மூடியைத் திறந்தால் புளித்த தவிட்டு மணம் வரும், கூடவே சின்னதாக ஒரு சரசரப்பு. அந்தச் சரசரப்பு எனக்குக் கனவிலும் கேட்டது. ஒருநாள் உன் அப்பா தயிர் என்று நினைத்து அதைத் திறந்து கரண்டியையும் விட்டுவிட்டார். அதன் பிறகு அவர் அந்தப் பிறிட்ஜைத் தன் கையால் திறந்ததே இல்லை, தண்ணீர் வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார். புழு சலித்துவிடும், இடைக்கிடை சில்வண்டும் கொடு என்றாய். கொடுத்தேன். ஒன்று தப்பி ஓடிச் சாமித் தட்டுக்குப் பின்னால் குடியேறி, நான் தேவாரம் பாடத் தொடங்கினால் தானும் தொடங்கியது. எல்லாவற்றிலும் மோசம் அது தோல் உரிப்பது. ஈரக் காலுறையைக் கழற்றுவதுபோல வாயால் இழுத்து இழுத்துக் கழற்றி, கழற்றிய தோலைத் தானே தின்னும். அன்றைக்கு நான் மத்தியானம் சாப்பிடவில்லை. உனக்கு அது விஞ்ஞானம், எனக்கு அரியண்டம், அருவருப்பு.

அதன் கக்கூஸ் ஒரு மூலை. அதை மட்டும் ஒழுங்காக வைத்திருந்தது, அதற்கு அந்த மரியாதையைக் கொடுக்கிறேன். நீ பெட்டியின் தரையில், குசினியில் கை துடைக்கிற பேப்பரை விரித்து வைத்திருந்தாய். வெள்ளைப் பேப்பரில் மண்ணிறத்தில் ஒரு துண்டு, நுனியில் வெள்ளையாக ஒரு பொட்டு என்று நீதான் காட்டித் தந்தாய். நீ போகும்போது சொன்னது நினைவிருக்கிறது. "அம்மா, அதின்ரை பீயைப் பாத்தால்தான் அதின்ரை சுகம் தெரியும். நிறம் மாறினாலோ, தண்ணியாப் போனாலோ, போகாமல் விட்டாலோ எனக்கு உடனை சொல்லுங்கோ." நான் ஓம் என்றேன். ஒருநாளும் பார்க்கவில்லை. முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் உள்ளே விட்டு, பேப்பரைச் சுருட்டி எடுத்துக் குப்பையில் போடுவேன். பிறகு கையை உரசி உரசிக் கழுவுவேன். இந்த வீட்டில் வெள்ளிக்கிழமையும் அதே கைதான் விளக்கேற்றுகிறது.

அந்தப் பேப்பர்தான் எனக்குப் பொறுக்கவில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். அதனால் கட்டடச் சாமான் கடைக்குப் போய், பிள்ளைகள் விளையாடுகிற மணல் ஒரு பை வாங்கி வந்து, பெட்டிக்குள் அழகாகப் பரப்பினேன். எங்களுக்கு அதுதானே சுத்தம். கூட்டி, மேலே வெண்மணல் போட்டுவிட்டால் முற்றம் முற்றமாகிவிடும், கீழே எது கிடந்தாலும். மணல் போட்டதும் பெட்டி பார்க்கவே லட்சணமாக இருந்தது. அது போகிறதைக் கரண்டியால் மணலுக்குள் தள்ளி மூடிவிடுவேன், கண்ணுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் மேலே ஒரு பழைய சேலையையும் போட்டு மறைத்தேன், சாமிக்கும் தெரியாது. மணல் கூடவே கூடாது என்று நீ சொல்லியிருந்தாய்தான். தேயிலைச் சக்கையை எந்தத் தொட்டியில் போடுவது என்பதற்கும் சட்டம் வைத்திருக்கிற நாட்டில் வளர்ந்த பிள்ளை, இதுவும் அப்படி ஒரு சட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அது போவதை நிறுத்திவிட்டது. தம்பி, நான் சந்தோஷப்பட்டேன். உண்மையைச் சொல்கிறேன், கரண்டி வேலை இல்லாமல் போனதே என்று நிம்மதியாக இருந்தேன். பிறகு புழுவைப் போட்டால் முகர்ந்துவிட்டுத் திரும்பியது. தின்றதையும் பாதி கரைந்தபடி கக்கி வைத்தது. அந்த மணத்தை எழுத எனக்குச் சொல் இல்லை. பழைய மீன் சட்டிக்குள் புளித்த பாலை ஊற்றி வெயிலில் வைத்ததுபோல. எனக்கு ஓங்காளித்துக்கொண்டு வந்தது. மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அதையும் மணலைத் தள்ளி மூடினேன். அந்தக் கொழுத்த வால் மெலிந்துகொண்டு வந்தது. நீ போன் எடுத்து "பிறிட்ஸ் எப்பிடி இருக்கு?" என்று கேட்டாய். "நல்லாத்தான் கிடக்கு" என்றேன். உனக்கு வேலையில் ஆயிரம் தலையிடி, இது வேறு எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அதைவிட, நான் மணல் போட்டது உனக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் காரணம்.

இனி உன் வயிற்றுக்கு வருகிறேன். எழுந்து போகாதே.

நீ எங்களோடு இருந்தபோதே குளியலறைக் கதவு நெடுநேரம் பூட்டிக் கிடக்கும். அப்பா கதவைத் தட்டி ஏசுவார். ஒருநாள் நீ சரியாகத் தண்ணீர் ஊற்றாமல் வந்துவிட்டாய், நான் உள்ளே போய் இரத்தத்தைக் கண்டேன். கண்டதும் நான் செய்தது என்ன தெரியுமா? தண்ணீரை இழுத்துவிட்டேன், மருந்து ஊற்றித் தேய்த்தேன், வாசனைத் திரவத்தை அடித்தேன், வெளியில் வந்து உனக்குத் தேத்தண்ணி போட்டேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு நீயாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாய். கொலிற்றிஸ், பெருங்குடல் முழுக்கப் புண், சாகிற வருத்தமில்லை, ஆனால் காலம் முழுக்க மருந்தோடு இருக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். அவர் உன்னிடம் எத்தனை தரம் போகிறது, எப்படிப் போகிறது என்று கேட்கத் தொடங்கியதும் நான் கோப்பி குடிக்க வேண்டும் என்று எழும்பி வெளியே போனேன். எனக்குக் கோப்பி பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து நான் சொன்ன முதல் வசனம், "இதை ஒருத்தருக்கும் சொல்லாதை, தம்பி. உனக்குக் கலியாணம் பேசவேணும்." நீ என்னைப் பார்த்துவிட்டு ஓம் என்றாய். நீ எப்போதும் ஓம் என்றுதான் சொல்லுவாய், அதுதான் உன்னில் எனக்குக் கோபம்.

பீலெஃபெல்டில் மதுரா வீட்டுக்குச் சம்பந்தம் பேசப் போனோமே, அந்தச் சாப்பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. ஆட்டுக்கறி, நண்டுக் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல், எல்லாம் மிளகாய்த்தூளில் குளித்துக் கிடந்தன. உனக்கு அப்போது வருத்தம் கூடியிருந்த நேரம். நீ வெறும் சோற்றையும் தயிரையும் பிசைந்துகொண்டிருந்தாய். மதுராவின் அம்மா கறிக் கரண்டியோடு உன் தலைக்கு மேல் நின்றார். "என்ன தம்பி, எங்கடை சமையல் பிடிக்கேல்லையோ?" நீ என்னைப் பார்த்தாய். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "அவன் முருகனுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறான். கலியாணம் முடியுமட்டும் மச்சம் மாமிசம் தொடான், உறைப்பும் தொடான்" என்றேன். அந்த மனிசியின் முகத்தைப் பார்த்தாயே. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். இந்தக் காலத்தில், இந்த நாட்டில் இப்படி ஒரு பிள்ளையா என்று கண் கலங்கினார். சாப்பிட்டு முடிந்து நீ அவர்களின் குளியலறைக்குப் போய் வர நேரமானபோதும், கால் முகம் கழுவிக் கும்பிடுகிறாயாக்கும் என்று அவர்களே நினைத்துக்கொண்டார்கள். வரும் வழியில் காருக்குள் உன் அப்பா, "நல்லாய்ச் சமாளிச்சாய்" என்று என்னை மெச்சினார். நீ பின்சீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாய். பல்லி கக்கியதைவிட அந்த மெச்சல்தான் இப்போது எனக்கு நாறுகிறது. சாமியை எடுத்து உன் குடலுக்கு மேல் மூடி வைத்தேன்.

இதுவரை உனக்குத் தெரிந்தது பாதி. தெரியாதது, போன மாதம் மதுரா இங்கே வந்தபோது நடந்தது.

கூறைச் சேலைக்குச் சட்டை தைக்க அளவு கொடுக்க வந்தாள். எங்கள் தெருவில் தைக்கிற அக்காவிடம் போகவேண்டும். வந்தவள் சப்பாத்தைக் கழற்ற முன்னமே, "மாமி, முதல்லை பிறிட்ஸைக் காட்டுங்கோ. படத்திலைதான் கண்டனான்" என்றாள். அன்று வெள்ளிக்கிழமை, பெட்டிக்கு மேல் சேலை கிடந்தது. "அது நித்திரை, பிள்ளை, பிறகு பாப்பம்" என்றேன். அவள் சொல்வழி கேட்கிற பிள்ளை இல்லை, அது உனக்குத் தெரிந்திருக்கும். சேலையைத் தூக்கினாள். மணம் அறைக்குள் வந்தது. அவள் மூக்கைப் பொத்தவில்லை, குனிந்து பார்த்தாள்.

"மாமி, உது ஏன் உப்பிடிக் கிடக்கு?"

"பகலிலை உப்பிடித்தான் கிடக்கும்."

"இல்லை மாமி, வயிறு ஊதிக் கிடக்கு. வால் குச்சியாப் போச்சு. கடைசியா எப்ப சாப்பிட்டது?"

"நேற்றுத் தின்டது."

அவள் மணலுக்குள் விரலை விட்டாள். வெறும் விரலை. நான் மூடி வைத்திருந்தவை ஒவ்வொன்றாக வெளியில் வந்தன. காய்ந்து கறுத்த புழுக்கள், பாதி கரைந்தவை, அதற்கும் கீழே பழையவை. எல்லாவற்றையும் ஒரு பேப்பரில் வரிசையாக வைத்தாள். நான் குசினி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு நாளா உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டாள்.

"இண்டைக்குத்தான் கண்டனான்" என்றேன். கண்முன்னால் பேப்பரில் அத்தனையும் கிடக்க, அப்படிச் சொன்னேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். தம்பி, அந்த முகத்தைத்தான் நான் உனக்குச் சொல்ல வேண்டும். பீயைத் தொட்டபோது சுளிக்காத முகம், சத்தியைக் கிளறியபோது சுளிக்காத முகம், என்னைப் பார்த்துச் சுளித்தது. ஊத்தையில் கால் வைத்துவிட்டவள் பார்க்கிற பார்வை. எனக்கு இந்த வயதில் அப்படி ஒரு பார்வை கிடைத்ததில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, பல்லிக்குப் பார்க்கிற மிருக வைத்தியர் எங்கே என்று போனில் தேடி, அன்றைக்கே பார்க்க நேரம் கேட்டு ரெர்மின் எடுத்தாள். சட்டை அளவு போயே போய்விட்டது.

ஐஸ்கிறீம் பெட்டியில் துவாயை விரித்து, பக்கத்தில் வெந்நீர்ப் போத்தல் வைத்து, அதைத் தன் குளிர்ச்சட்டைக்குள் அணைத்துக்கொண்டு வந்தாள். ஆற்றுக்கு மேலே தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு ஓடுகிற எங்கள் ஊர்த் தொங்குரயிலில் எனக்கு முன்னால் இருந்தாள். ரயில் ஆடும்போதெல்லாம் பெட்டியைக் கையால் தாங்கினாள். நான் கீழே ஓடுகிற ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வைத்தியர் ஒரு பெண். கேள்வி கேட்கத் தொடங்கினார். பெட்டிக்குள் சூடு எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை போகும், நிறம் என்ன, வெள்ளைப் பகுதி மஞ்சளாக இருந்ததா, சமிபாடு ஆகாத புழு வந்ததா, இரத்தம் கலந்திருந்ததா. நான் பேசாமல் இருந்தேன். எனக்கு ஜெர்மன் விளங்கவில்லை என்று நினைத்து மதுரா தமிழில் திருப்பிச் சொன்னாள். எனக்கு நன்றாக விளங்கியது, பதில்தான் இல்லை. எல்லாவற்றையும் முகத்தைத் திருப்பிக்கொண்டே செய்தவளுக்கு நிறம் எப்படித் தெரியும்? இதே கேள்விகளை வேறொரு டொக்டர் உன்னிடம் கேட்டபோது நான் எழும்பிப் போனதும் அங்கேதான் நினைவுக்கு வந்தது. உனக்கு இரத்தம் இப்போதும் போகிறதா என்று ஒருவர் என்னைக் கேட்டால், அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தச் சின்ன வயிறு முழுக்க வெள்ளையாக இருந்தது. மணல். புழுவோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போன மணல் குடலுக்குள் இறுகிவிட்டதாம். கீழே அடைத்ததால்தான் மேலே கக்கியிருக்கிறது. கடைசிக் கட்டம் என்றும் சொல்ல முடியாது, தப்பிவிடும் என்றும் சொல்ல முடியாது, தானாக வெளியேறாவிட்டால் வெட்ட வேண்டும், இந்த மெலிவில் வெட்டினால் தாங்காது என்றார். யார் மணல் போட்டது என்று கேட்டார். "நான்தான்" என்றேன். ஏன் என்று கேட்டார். சுத்தமாக இருக்கட்டும் என்று போட்டேன் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். மதுரா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது ரயில் மேடையில் நான்தான் வாயைத் திறந்தேன். "தம்பிக்கு உதைச் சொல்லாதை, பிள்ளை. வேலையிலை இருக்கிறவன், மனம் உடைஞ்சுபோவான்."

"நான் சொல்லமாட்டன், மாமி" என்றாள். "ஆனால் நீங்கள் சொல்லவேணும். அவரின்ரை பிறிட்ஸ். அவருக்குத் தெரியவேணும்."

"எப்பிடிச் சொல்லுறது? அரியண்டமான கதை."

"வருத்தம் ஆருக்கும் வரும், மாமி. பீ, சத்தி எல்லாம் கழுவினால் போயிடும். நீங்கள் தெரிஞ்சுகொண்டு ஒளிச்சு வைச்சிருந்தியள் பாருங்கோ, எனக்கு அதுதான் அரியண்டமாக் கிடக்கு."

ரயில் வந்தது, ஏறினோம். அவள் கதைத்தது ஒரு பல்லியைப் பற்றி. எனக்குக் காதில் விழுந்தது வேறு. நேர்த்தி வைத்த மாப்பிள்ளை என்று அவளுடைய அம்மா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறார் என்று அவளே முதல்நாள் போனில் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருந்தாள். அவள் கல்யாணம் முடிந்து உன்னோடு ஒரு வீட்டில் இருக்கும்போது, ஒருநாள் குளியலறையில் நான் கண்டதைக் காண்பாள். அப்போது அவள் இரத்தத்தைப் பார்த்து முகம் சுளிக்கமாட்டாள். உன்னைப் பார்த்துச் சுளிப்பாள். வீட்டில் ஒவ்வொருநாளும், ஒரே மேசையில் இருந்து, அந்த முகத்தோடு நீ வாழ வேண்டும்.

மதுரா அன்று பின்னேரமே போய்விட்டாள். மிச்ச வேலை என்னுடையது. வைத்தியர் சொன்னபடி ஒரு தட்டையான பாத்திரத்தில் இளஞ்சூட்டு நீர் விட்டு, உன் பல்லியை அதற்குள் இறக்கி, இரண்டு விரலால் வயிற்றை வால் பக்கமாக மெல்ல நீவ வேண்டும். அதுவரை அதைத் தொட்டதே இல்லை. தோல் குளிர்ந்த ரப்பர்போல இருக்கும் என்று நினைத்திருந்தேன், அதைவிட மோசம், மெத்தென்று உயிரோடு இருந்தது. உள்ளே மணல் நெறுநெறுத்ததை விரல் உணர்ந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாசத்தில் இல்லை, குமட்டலில். உன் அப்பா பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாயில் சொட்டு மருந்து விடப்போனால் அது என் விரலைக் கடித்தது. நானும் அதை வாய்க்கு வந்தபடி பேசினேன். உன்னையும் பேசினேன். இப்படி ஒவ்வொரு நாளும். ஒவ்வொரு நாளும் அது சாகப்போகிறது என்றே நினைத்தேன், செத்தால் உன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று பயந்தேன்.

ஒரு காலையில் தண்ணீரில் வைத்து நீவிக்கொண்டிருக்க, அது உடம்பை வளைத்து முக்கியது. முதலில் சேறுபோல ஏதோ வந்தது. பிறகு மணல், கட்டி கட்டியாக, மண்ணிறமும் பச்சையும் கலந்து, சளியோடு, என் விரல்மேல். வீடு முழுக்க நாறியது. நான் கத்திய கத்தில் உன் அப்பா சவரச் சோப்போடு ஓடிவந்தார். "செத்துப்போச்சோ?" என்றார். "இல்லையப்பா, பீ போட்டுது, போட்டுது, வந்து பாருங்கோ" என்றேன். அவர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு ஓங்காளித்துக்கொண்டு திரும்பி ஓடினார். நான் பார்த்தேன். முதல்முறையாக முகத்தைத் திருப்பாமல் பார்த்தேன். நிறம் பார்த்தேன், இரத்தம் இருக்கிறதா என்று பார்த்தேன், ஒரு துண்டை வைத்தியர் தந்த குப்பிக்குள் எடுத்து வைத்தேன். அருவருப்புக் குறையவில்லை, தம்பி. பழகினால் போய்விடும் என்று சொல்கிறவர்களை நம்பாதே. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் செய்தேன். ஆனால் பார்த்துவிட்டேன், பார்த்ததால் வைத்தியருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. அந்தக் குப்பியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலில் போனேன். பக்கத்தில் ஒரு மனிசி பாண் தின்றுகொண்டிருந்தார், பாவம்.

உன் பல்லி தப்பிவிட்டது. குடலில் பூச்சியும் இல்லையாம். மணலை அள்ளிக் கொட்டிவிட்டேன், கீழே மறுபடியும் குசினிப் பேப்பர்தான். நேற்று ஒரு புழு தின்றது. வால் இன்னும் மெலிவுதான், தேறக் காலம் எடுக்கும் என்றார்கள். இதையெல்லாம் முதல்நாளே உனக்குச் சொல்லாமல் விட்டதற்கு நீ என்னை ஏசலாம், வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது நான் கேட்பதைக் கேள். நீ மதுராவிடம் சொல்ல வேண்டும். கொஞ்சம் வயிறு சரியில்லை, வாய்வு என்றெல்லாம் மழுப்பக் கூடாது. பெயரைச் சொல். என்ன மருந்து எடுக்கிறாய் என்று சொல். வருத்தம் கூடினால் எப்படி இருக்கும், எத்தனை தரம் ஓட வேண்டும், பயணம் போனால் முதலில் கக்கூஸ் எங்கே என்று தேடுகிறாயே, அதையும் சொல். அவளுடைய அம்மாவிடம் நான் சொல்கிறேன், நேர்த்தியும் இல்லை ஒன்றும் இல்லை, நான் அந்த நேரத்தில் சமாளிக்கச் சொன்னது என்று. முருகனிடம் நான் தனியாகக் கதைத்துக்கொள்கிறேன். மதுராவிடம் மட்டும் நான் சொல்லப்போவதில்லை. அந்த வயிறு உன்னுடையது, அதைச் சொல்கிற வாயும் உன்னுடையதாக இருக்க வேண்டும்.

அவள் வேண்டாம் என்றும் சொல்லலாம். அதை நான் மறைக்கவில்லை. அப்படிச் சொன்னால் அது அவளுடைய உரிமை, நீ தாங்கத்தான் வேண்டும், நாங்களும் தாங்குவோம். உன் அப்பா இப்போதே "மண்டபம் எடுத்தாச்சு, சனம் என்ன கதைக்கும்" என்று அறைக்குள் உலாத்துகிறார். சனம் கதைக்கட்டும். சனம் உன் குளியலறையைக் கழுவ வரப்போவதில்லை. பொன்னுருக்கு எங்கள் வீட்டில் நடக்க வேண்டியது, தாலிக்குப் பொன் உருக்க நாள் பார்த்து நகை செய்கிறவருக்குச் சொல்ல வேண்டியவள் நான். அவர் இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார். நீ அவளிடம் சொல்லிவிட்டாய் என்று உன் வாயால் கேட்கும்வரை நான் அவருக்கு நாள் சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளையின் கழுத்தில் ஏறப்போகிற பொன்னை, அவளுக்கு ஒன்றும் தெரியாமல் என் வீட்டில் வைத்து உருக்க எனக்கு ஏலாது.

சொல்லிவிட்டு எனக்குப் போன் எடு. அவள் என்ன சொன்னாள் என்பதை நீயாகச் சொன்னால் கேட்கிறேன். நான் கேட்கப்போவது வேறு. இன்றைக்கு எத்தனை தரம் போனாய், எப்படிப் போனது, இரத்தம் கண்டதா என்று கேட்பேன். மீட்டிங் என்று சொல்லாமல் பதில் சொல். நான் முகம் சுளிப்பேன்தான். போனில் உனக்குத் தெரியாது.

அம்மா